அளக்கப்படாமல் தெளிக்கப்பட்ட நஞ்சு

பழத்தோட்டக்காரர் நஞ்சை நிறுத்தே தண்ணீரில் கரைத்தனர். ஆனால் அந்தக் கலவையில் எவ்வளவு மரத்தில் விழுந்தது என்ற கேள்வி நெடுங்காலம் கேட்கப்படவில்லை.

1882இல் பிரான்சின் மெடொக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருப்பதற்காகப் பாதையோரத் திராட்சைக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்தனர். மற்றக் கொடிகள் பூஞ்சண நோயால் இலையுதிர்ந்து நிற்க, இவை மட்டும் பசுமையாயிருந்ததைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885இல் அவர் வெளியிட்ட போர்டோக் கலவையின் செய்முறை துல்லியமானது: 100 லீற்றர் தண்ணீருக்கு 8 கிலோ மயில்துத்தம், 30 லீற்றருக்கு 15 கிலோ சுண்ணாம்பு. தெளித்ததோ சிறு துடைப்பத்தால்! (இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய்க்கு இந்த மருந்து காலங்கடந்தே வந்தது. தோட்டத்துரைமார் அதற்குள் தேயிலைக்கு மாறத் தொடங்கியிருந்தனர்.)

அமெரிக்காவில் கதை இன்னும் கசப்பானது. 1892இல் மசசூசெற்சில் அந்துப்பூச்சிக்கெதிராக உருவாக்கப்பட்ட ஈய ஆசனேற்று விரைவில் அப்பிள் தோட்டங்களுக்கும் பரவியது. இலையில் நன்றாக ஒட்டிக்கொள்வதே அதன் சிறப்பு. அதுவே பின்னர் வினையுமாயிற்று. இலையிலிருந்து சொட்டும்வரை அடிப்பதே அன்றைய அளவுகோல். புழு சாகாவிட்டால் மேலும் அடித்தனர். சில பிரதேசங்களில் அப்பிள் துளைக்கும் புழுக்கள் அந்த நஞ்சுக்கு ஈடுகொடுக்கப் பழகிவிட்டன என்பதை 1928இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

1925இல் அமெரிக்க அப்பிளில் ஆசனிக் மிகுந்திருப்பதைப் பிரித்தானிய அதிகாரிகள் கண்டுபிடித்தனர். ஒரு றாத்தலுக்கு நூறில் ஒரு கிரெயின் என்ற எல்லையை அவர்கள் வலியுறுத்தினர். அந்த எல்லை பிறந்தது அப்பிளுக்காக அல்ல. 1900இல் மன்செஸ்ரர் பகுதியில் ஆசனிக் கலந்த பியர் குடித்துப் பலர் மாண்டதை விசாரித்த ஆணைக்குழு வகுத்தது அது. லண்டன் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களமோ தன் நாட்டில் விடயம் அதிகம் அடிபடாமல் பார்த்துக்கொண்டது.

தோட்டக்காரர் கண்ட பரிகாரம், அப்பிளை நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவது. பழத்தை அளந்தார்கள், தெளிகருவியை அளக்கவில்லை. பழம் சுத்தமாயிற்று, மண் ஆகவில்லை. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. வந்ததும் ஈய ஆசனேற்று ஒதுங்கியது, 1988இல் தடைசெய்யப்பட்டது. வோசிங்டன் மாநிலத்தின் பழைய தோட்ட நிலங்களில் ஈயமும் ஆசனிக்கும் இன்றும் உண்டு. அவற்றிற் சிலவற்றின்மேல் வீடுகளும் பாடசாலைகளும் எழும்பியுள்ளன.

தெளிகருவியை அளந்து சரிபார்ப்பதற்கு வேண்டியது ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஓர் அளவுநாடா. நிமிடத்துக்கு வெளியேறும் லீற்றரை 600ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் என்பதாலும் மர வரிசைகளின் இடைவெளி மீற்றராலும் வகுத்தால், ஹெக்டயருக்கு விழும் லீற்றர் வரும். 40 லீற்றர், 5 கிலோமீற்றர், 5 மீற்றர் என்றால் 960 லீற்றர். உழவு இயந்திரம் 4 கிலோமீற்றருக்குத் தளர்ந்தால் அதுவே 1,200. கால்பங்கு நஞ்சு கூடிவிட்டது. ஓட்டுபவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மருந்துத் துகள்கள் பித்தளைத் தெளிமுனையின் துளையை அராவி அகலப்படுத்துவதும் அப்படியே. புதிய முனையைவிட 10 வீதம் அதிகமாகப் பாய்ந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது விதி.

2009இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியது. 2016 நவம்பருக்குள் பாவனையிலுள்ள தெளிகருவிகள் ஒருமுறையேனும் பரிசோதிக்கப்பட வேண்டும். 2020 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. முதுகில் சுமக்கும் கருவிகளுக்கு விலக்களிக்க நாடுகளுக்கு இடம் விடப்பட்டது. நம் கமக்காரர்களின் தோளில் தொங்குவது பெரும்பாலும் அந்தக் கருவிதான்.