கெத்தா தாபான் முதல் ஹீட் கன் வரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள பாசிர் கூடாங்கின் தொழில் வரலாற்றை 1970-களிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1973-இல் கப்பல் கட்டும் நிறுவனம், 1977-இல் துறைமுகம், பிறகு பெட்ரோ-ரசாயன ஆலைகள். ஊர் வளர்ந்த கதைக்கு அது சரி. அங்குள்ள பட்டறைகளில் கேபிள் ஜாயிண்ட்டைச் சூடு காட்டி மூடும் ஹீட் கன்னின் கதைக்கு அது போதாது. செம்புக் கம்பியின் மேல் ஓர் உறையை அளவான சூட்டில் இறுக்கும் கைவேலைக்கு, 19-ஆம் நூற்றாண்டிலேயே மூலப்பொருள் தந்த மண் ஜொகூர். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், ஹீட் கன் வாங்கும்போது வாட் கணக்கைவிட வெப்பக் கட்டுப்பாட்டை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

கெத்தா தாபான் என்று மலாய்க்காரர்கள் அழைத்த மரப்பால்தான் அந்த மூலப்பொருள். உலகச் சந்தையில் அதன் பெயர் கட்டாபெர்ச்சா. ரப்பரைப் போல இழுபடாது. வெந்நீரில் போட்டால் களிமண்ணாக இளகும், ஆறினால் கெட்டிப்படும். பாராங் கத்திக்கு அதில் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840-களில் அதை லண்டனின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1847-இல் வெர்னர் சீமென்ஸ் அதைக் கம்பியின் மேல் இடைவெளியில்லாமல் பொதியும் இயந்திரத்தை உருவாக்கினார். கடல்நீரில் கெடாத வேறு நல்ல உறை அப்போது இல்லை. தெமெங்கோங் பட்டம் தாங்கி ஜொகூரை ஆண்ட டாயேங் இப்ராகிம் கட்டாபெர்ச்சா வணிகத்தைத் தன் பிடியில் வைத்துச் செல்வம் சேர்த்தார். காட்டில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டே பால் எடுக்கப்பட்டது. 1871-இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடித் தந்திக்கும் இதுவே காப்பு. கேபிளை ஒட்டுபவர் சாராய விளக்கில் கட்டாபெர்ச்சாவை இளக்கி, ஈரவிரலால் கம்பியைச் சுற்றி அழுத்துவார். சூடு குறைந்தால் ஒட்டாது. மிஞ்சினால் பிசுபிசுத்து வீணாகும்.

1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பிடித்தது. இன்று அது பாசிர் கூடாங்கிலேயே உற்பத்தியாகிறது. அதன் மூலக்கூறுகளைக் கதிர்வீச்சால் பிணைத்து, சூட்டில் விரித்து, விரிந்தபடியே ஆறவைத்தால் கிடைப்பது சுருங்கு குழாய். 1957-இல் அமெரிக்காவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதைப் பெருந்தொழிலாக்கியது. கேபிள் ஜாயிண்ட்டின் மேல் மாட்டி ஹீட் கன்னால் சூடு காட்டினால், சுமார் 90 டிகிரியில் குழாய் சுருங்கத் தொடங்கும்; 120-ஐ ஒட்டி முழுதாகக் கவ்வும். நடுவில் ஆரம்பித்து, காற்று உள்ளே சிக்காமல் இரு முனைகளுக்கும் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். பசை பூசிய குழாயாக இருந்தால் இரு வாயிலும் மெல்லிய பசை வளையம் பிதுங்கும். வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம். பக்கத்து பி.வி.சி. ஒயரோ கொஞ்சம் கூடுதல் சூட்டுக்கே இளகிவிடும். ஆகவே 2000 வாட் என்ற எண்ணைக் காட்டிலும், வெப்பத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் திருகும், காற்றைக் குழாயின் பின்புறம் திருப்பும் வளைந்த மூக்கும்தான் காசுக்கு மதிப்பு.

கேஸ் டார்ச் விரைவானது, ஒயர் இழுக்க வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான். திறந்தவெளியில் தடித்த மின்கேபிளுக்கு அனுபவசாலிகள் மென்மையான மஞ்சள் தீயால் நன்றாகவே வேலை செய்கிறார்கள். மெல்லிய ஒயர்கள் நெருங்கிக் கிடக்கும் பேனலுக்குள் அந்தத் தீயை நம்ப முடியாது. இதைவிட அழுத்தமாக மறுக்க வேண்டியது ஒன்று உண்டு: தீ இல்லாததால் ஹீட் கன் எங்கும் ஆபத்தற்றது என்ற எண்ணம். பெட்ரோல் ஆவி 300 டிகிரிக்குக் கீழேயே தானாகப் பற்றும். ஹீட் கன்னின் காற்றோ 600 டிகிரியைத் தொடக்கூடியது, உள்ளே கம்பிச்சுருள் சிவந்து எரிகிறது. எண்ணெய்க் கப்பலும் ரசாயனத் தொட்டியும் நிறைந்த பாசிர் கூடாங்கில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. தொட்டியில் வாயு இல்லை என்று சோதித்து, அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகே ஹீட் கன்னின் பிளக்கைச் சொருகுங்கள்.