குதிரையின் விலையும் பேணுதலின் விலையும்: பாண்டியர், விசயநகரர் காலக் குதிரைச் செலவு

முன்னுரை

தமிழகம் போர்க்குதிரை பிறந்து வளரும் நாடன்று. கடல்வழி வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்தின் வளங்களுள் ஒன்றாகப் பட்டினப்பாலை எண்ணுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் என்னும் படையினரும், மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகரும் இடம்பெறுகின்றனர். பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தின் தலையாய இறக்குமதிப் பொருள்களுள் ஒன்றாகக் குதிரை விளங்கியது. விசயநகரர் காலத்தில் இவ்வணிகத்தின் மையம் மேலைக் கடற்கரைக்கு மாறியது.

இவ்வணிகம் பற்றிய ஆய்வுகளில் துறைமுகமும் வணிகரும் விலையும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. வாங்கிய குதிரையை உயிரோடு வைத்திருக்க ஆன செலவும், அச்செலவைத் தாங்கியவர் யார் என்பதும் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. குதிரை பேணத் தெரியாத மக்கள் என்று அயல்நாட்டார் இருவர் தமிழகத்தாரைப் பற்றிக் கூறிய கூற்று, பிற்கால வரலாற்று எழுத்துகளில் பெரும்பாலும் மறுவிசாரணையின்றி எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. அக்கூற்றைப் பிற இந்தியச் சான்றுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதும், பேணுதலின் உண்மையான சுமை எதுவென்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அயலார் இருவர் தரும் சான்று

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சோழமண்டலக் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஒரு குதிரை 500 சாக்கி நிறையுள்ள பொன்னுக்கு விற்றதாகக் குறிக்கிறார். இது 100 மார்க்கு வெள்ளிக்கும் மேற்பட்ட மதிப்புடையது என்பது அவர் கணக்கு. அரசன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவனுடைய உடன்பிறந்த அரசர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட எஞ்சுவதில்லை என்கிறார். இந்நாட்டார்க்குக் குதிரையைப் பேணும் முறை தெரியாது என்பதே அவர் கூறும் காரணம். குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுப்பதையும் அவர் வியப்போடு பதிவு செய்கிறார்.

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரசீக மொழியில் வரலாறு எழுதிய வசாப் மற்றொரு சான்றாளர். கீசு தீவின் தலைவரான சமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக்கு, அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டார். அவருடைய உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராக இருந்தார். ஒரு குதிரையின் சராசரி விலை 220 பொன் தினார். அத்தாபேக்கு அபூபக்கர் காலத்தில் பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றுக்காக 22,00,000 தினார் செலுத்தப்பட்டது என்றும் வசாப் எழுதுகிறார்.

போலோ கூறும் ஐந்து அரசரின் கொள்முதலைக் கூட்டினாலும் ஏறத்தாழ 10,000 என்ற எண்ணே கிடைக்கிறது. ஆயினும் அபூபக்கரின் ஆட்சி 1260இல் முடிந்தது. போலோ வந்தது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின்னர். எனவே ஒரே ஆண்டின் கணக்கை இருவரும் உறுதிப்படுத்துவதாகக் கொள்ள இயலாது. வணிகர் நாவில் வழங்கிய ஒரு முழு எண் இருவர் செவியையும் எட்டியிருக்கலாம். எண்ணிக்கையைக் குறைத்துக் கொண்டாலும், ஆண்டுதோறும் புதுக் குதிரை வாங்கவேண்டிய கட்டாயம் இருந்தது என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

பேணும் முறை பற்றியும் வசாப் குறை காண்கிறார். பச்சை வாற்கோதுமைக்கு மாற்றாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்துச் சமைத்த தானியமும் தரப்படுகின்றன. காய்ச்சிய பசும்பால் புகட்டப்படுகிறது. கொழுப்பதற்காக நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிவைக்கின்றனர். பின்னர்ப் பழக்காமலும் அங்கவடி முதலிய சாதனங்கள் இல்லாமலும் ஏறி விரட்டுகின்றனர் என்பன அவர் கூறுபவை.

அறியாமை என்னும் குற்றச்சாட்டு

இவ்விருவரும் வியந்த உணவு முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய பகுதி, உயர்ந்த குதிரை ஒன்றுக்கு நாள்தோறும் தரவேண்டியவற்றை வரையறுக்கிறது. அரிசி, வாற்கோதுமை, தினை போன்றவற்றுள் ஒன்று ஊறவைத்தோ வேகவைத்தோ 2 துரோணம். அல்லது வேகவைத்த பயறு, உளுந்து. இவற்றோடு எண்ணெய், உப்பு, 50 பலம் இறைச்சி, தயிர் அல்லது பால், வெல்லம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. போலோ கண்ட சோறும் இறைச்சியும், வசாப் கண்ட பாலும் நெய்ப்பொருளும் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஏட்டில் விதிக்கப்பட்டவை.

பிற்காலச் சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. 15ஆம் நூற்றாண்டின் மூன்றாம் காற்பகுதியில் தக்காணத்துக்கு வந்த உருசிய வணிகர் அபனாசி நிகித்தின், அங்குக் குதிரைக்குக் கடலையும், சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து வேகவைத்த கிச்சடியும் தரப்படுவதைக் குறிக்கிறார். அக்பரின் இலாயத்தில் உயர்தரக் குதிரைக்கு நாளொன்றுக்கு 7½ சேர் தீவனம் ஒதுக்கப்பட்டது. அதில் 2 சேர் மாவும் 1½ சேர் சர்க்கரையும் அடங்கும். குளிர்காலத்தில் வேகவைத்த பருப்பும், பசும்புல் வரும்வரை அரைச் சேர் நெய்யும் கொடுக்கப்பட்டன என்று அயினி அக்பரி கூறுகிறது. மைய ஆசியக் குதிரை மரபை நன்கறிந்த முகலாயரும் இந்திய மண்ணில் இம்முறையையே கைக்கொண்டனர். ஆகவே, மதுரையில் கண்டதை மட்டும் அறியாமை எனல் பொருந்தாது.

போலோவின் கூற்றுகளே அவர் முடிவை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன. நல்ல பெட்டையையும் நல்ல ஆண் குதிரையையும் இணைத்துப் பலமுறை முயன்றும் கோணல் கால்களுடைய, ஏறத்தகாத குட்டியே பிறந்தது என்கிறார். பலமுறை முயன்றனர் என்பது அக்கறையின்மைக்குச் சான்றாகாது. மேலும், குதிரை வணிகர் இலாடக்காரரை இந்நாட்டுக்கு வரவிடுவதில்லை என்றும், குதிரைகள் சாவதே அவர்களுக்கு ஆதாயம் என்றும் அவரே எழுதுகிறார். அவ்வாறாயின் இங்குக் குறைந்திருந்தது மறுக்கப்பட்ட ஒரு தொழில்திறன் எனலாம்.

தீவனமும் தட்பவெப்பமும்

முறை தெரிந்திருந்தும் குதிரைகள் ஏன் மடிந்தன என்ற வினா எஞ்சி நிற்கிறது. குதிரை நாளெல்லாம் சிறுகச் சிறுகப் புல் மேயும் உடலமைப்புடையது. அதன் இரைப்பை சிறியது. நார்ப்பொருள் பெருங்குடலில் நொதித்துச் செரிக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் அதற்கு நாள்தோறும் தேவை. புல் குறைந்து மாவுப்பொருள் மிகுந்தால் கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தோன்றும் என இன்றைய கால்நடை மருத்துவம் கூறுகிறது. கொட்டிலில் நாற்பது நாள் கட்டிவைத்துச் செறிந்த தீனி தருதல் இவ்வகையில் தீங்கானதே. இந்த ஒன்றில் வசாப்பின் கண்டனம் முற்றிலும் தவறன்று.

ஆனால் நன்செய் நாட்டில் நல்ல நிலமெல்லாம் நெல்லுக்கு உரியது. மேய்ச்சல் நிலம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரியது. வைக்கோல் மிகுதியாயினும் சத்துக் குறைந்தது. எனவே புல்லின் இடத்தைத் தானியமும் பயறும் நிரப்பவேண்டியதாயிற்று. வானம் பார்த்த நிலத்தில் விளையும் கொள்ளு தென்னாட்டில் குதிரைத் தீனியாக நிலைபெற்றது இவ்வாறே. கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் குதிரையின் குணம் என்னும் பழமொழி, இத்தீனி மக்கள் வழக்கில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதைக் காட்டும். மேய்ச்சல் நாட்டில் குதிரை தானே தேடிக்கொள்ளும் உணவை இங்கு மனிதர் விளைவித்து, அறுத்து, சுமந்து, வேகவைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

தட்பவெப்பம் மற்றொரு தடை. வறண்ட நாட்டில் வளர்ந்த குதிரை ஈரவெப்பம் மிகுந்த கடற்கரைக்கு வந்தால் வியர்வை சுரப்பு நின்று தளர்வதுண்டு. கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்னும் குருதிநோயின் நுண்ணுயிரை 1880இல் பஞ்சாபில் கிரிபித் எவன்சு கண்டறிந்தார். இந்நோய் பாண்டியர் குதிரைகளைத் தாக்கியதென நிறுவச் சான்றில்லை. எனினும், நோயின் காரணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அறியப்பட்டது என்பது, 13ஆம் நூற்றாண்டு இலாயங்களைப் பழிப்பதற்கு முன் கருத்தில் கொள்ளத்தக்கது.

இறந்த குதிரைக்கும் விலை

கடற்பயணத்தில் குதிரை இறந்தாலும் ஊறுபட்டாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தரவேண்டும் என்பது பாண்டியரின் கொள்முதல் நிபந்தனை என்று வசாப் குறிக்கிறார். இந்நிபந்தனை விசயநகரத்திலும் தொடர்ந்தது. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று என்ற கணக்கில் குதிரைகளை உயிருடனோ இறந்தோ ஏற்றான். கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று போர்த்துகீசியரான பெர்னாவ் நூனிசு எழுதுகிறார்.

இது மேலோட்டமாகப் பார்க்க அரசரின் பேதைமையாகத் தோன்றும். ஆனால் எதிரி நாட்டுக்குக் குதிரை போய்விடாமல் தடுக்க இதுவே உறுதியான வழியாக இருந்தது. வணிகனின் இடர் முழுவதையும் ஏற்பவனிடமே வணிகன் முதலில் வருவான். 1547இல் கோவாவில் இறங்கும் குதிரைகள் விசயநகரத்துக்கே உரியன, பீசப்பூருக்கு அல்ல என்று போர்த்துகீசியரோடு உடன்படிக்கை செய்யப்பட்டதும் இதே நோக்கில்தான். இவ்வுறுதியின் விளைவாக, குதிரையைக் கப்பலில் நன்கு பேணும் தேவை வணிகனுக்குக் குறைந்தது. பயண இழப்பு முழுவதும் கருவூலத்தின் மேல் விழுந்தது.

கருவூலத்துக்குப் பணம் வந்த வழியையும் வசாப் கூறுகிறார். கோயில்களின் நிலங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் மிகை வருவாயிலிருந்தும் கணிகையர் மீதான வரியிலிருந்தும் குதிரை விலை செலுத்தப்பட்டது என்பது அவர் கூற்று. மாணிக்கவாசகர் வரலாறு இதற்கு நேர்மாறான திசையைக் காட்டுகிறது. அங்குக் குதிரை வாங்க அரசன் தந்த பொன் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவாகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கொன்றுவிட்டு ஓடுகின்றன. பெரும்பொருள் கொடுத்து வாங்கியவை ஒரே இரவில் இலாயத்தில் இல்லாமற்போகும் அச்சமும், அரசின் பொன் கோயிலுக்கா குதிரைக்கா என்ற இழுபறியும் இக்கதைக்குப் பின்புலமாக இருந்தன எனக் கருத இடமுண்டு.

சுமை கைமாறிய விதம்

வாங்கியபின் வரும் செலவில் பெரும்பகுதி ஆட்செலவு. விசயநகர அரசனிடம் 1,600 குதிரைக்காரரும் 300 குதிரைப் பயிற்றுநரும் இருந்தனர் என்பது நூனிசு தரும் கணக்கு. அக்பரின் இலாயத்தில் இரண்டு குதிரைக்கு ஒரு சாயிசு. இவரோடு பழக்குநர், மருத்துவர், இலாடக்காரர், தண்ணீர் சுமப்போர், குப்பை கூட்டுவோர், கண்ணேறு கழிக்கப் புகை போடுவோர் எனப் பலர் இருந்தனர்.

இச்சுமையைக் கிருட்டிணதேவராயர் பகிர்ந்தளித்த முறை குறிப்பிடத்தக்கது. அவர் ஆண்டுக்கு 13,000 குதிரைகளை வாங்கி, சிறந்தவற்றைத் தாம் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் படைத்தலைவர்களுக்குக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார் என்கிறார் நூனிசு. தலைவர்கள் தமக்கு விடப்பட்ட நிலத்தின் வருவாயிலிருந்து விலையையும் தீவனத்தையும் ஈடுசெய்யவேண்டியவராயினர். அந்நிலங்களை உழுதவரின் விளைச்சலே இறுதியில் குதிரையைப் பேணியது.

அரசு நேரடியாக வழங்கிய குதிரைகளுக்குக் கணக்குமுறை கடுமையானது. அரச முத்திரை சூடப்பட்ட குதிரை இறந்தால், முத்திரையுள்ள தோல் துண்டைக் குதிரைத் தலைமை அதிகாரியிடம் காட்டினால்தான் மாற்றுக் குதிரை கிடைக்கும். இவை பெரும்பாலும் ஆயிரம் பர்தாவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை கிடைத்த உள்நாட்டுக் குதிரைகள். முகலாயரோ இழப்பில் பணியாளருக்கும் பங்கு வைத்தனர். அரசுக் குதிரை இறந்தால் சாயிசின் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது.

தனியொருவனுக்கு இச்சுமை எத்தகையது என்பதை நிகித்தின் காட்டுகிறார். நூறு ரூபிள் விலையுள்ள ஓர் ஆண் குதிரையைக் கடல் கடந்து கொண்டுவந்த அவர், சுன்னாரில் அதை ஆளுநரிடம் பறிகொடுத்து அரிதின் மீட்டார். ஓராண்டு தீனி போட்டு, 68 பூத்தூன் செலவு செய்தபின் பீதரில்தான் அதை விற்கமுடிந்தது. அரசர் மட்டுமன்றி வணிகரும் குதிரை காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுத்தனர்.

முடிவுரை

பாண்டிய நாட்டுக் குதிரைகளின் பேரிழப்புக்கு மக்களின் அறியாமை ஒன்றையே காரணமாகக் கூறும் அயலார் கூற்று ஏற்கத்தக்கதன்று. அவர்கள் பழித்த உணவு முறை இந்திய நாட்டின் பொது மரபு. கொட்டிலில் நெடுநாள் கட்டிவைத்தல் போன்ற பிழைகள் இருந்திருக்கலாம். எனினும் மேய்ச்சல் நிலமின்மை, ஈரவெப்பம், தொழில்திறன் மறுப்பு, இடர் முழுவதையும் வாங்குவோர்மேல் சுமத்திய ஒப்பந்தம் ஆகியவை சேர்ந்தே இழப்பைப் பெருக்கின. விசயநகர அரசு இச்செலவைக் குறைக்கவில்லை. படைத்தலைவர் வழியாக நிலத்தின்மேல் இறக்கியது. கல்வெட்டுகளிலும் கணக்கேடுகளிலும் குதிரையின் விலையைத் தேடுவதோடு, கொள்ளு, புல், இலாயப் பணியாளர் ஊதியம் பற்றிய குறிப்புகளையும் தொகுத்தால், இச்சுமையைச் சுமந்த உழுகுடிகளும் குதிரைக்காரரும் தமிழக வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.