ஒளியும் நிலமும்: செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு திருப்பணி வரலாறு

ஏழை மக்களுக்கு ஒளி கொண்டுசெல்ல வேண்டும் என்று நாம் பிரசங்க பீடத்தினின்று அடிக்கடி கூறுகிறோம். அவ்வொளி எதை உள்ளடக்கியது என்பதைச் செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடப்பாக்கம் முதலிய கடலோர ஊர்களையும் உள்நாட்டு நெல்வயல்களையும் கொண்டிருந்த இம்மாவட்டத்தில் மிராசு முறை வேரூன்றியிருந்தது. தரிசு நிலத்திற்குப் பிறர் விண்ணப்பித்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் கடனால் கட்டுண்டு, படியாட்களாய்த் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவர்கள் குடியிருந்த மனையும் பெரும்பாலும் அவர்களுக்கு உரியதன்று.

இம்மக்களிடையே ஸ்காத்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ ஐயர் செங்கற்பட்டிலும், வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஐயர் அந்நாளில் இதே மாவட்டத்தைச் சேர்ந்த திருவள்ளூரிலும் ஊழியம் செய்தனர். ஞானஸ்நானம் பெற்றவன் மறுநாளே மனையை இழக்கக்கூடும் என்ற நிலையில், பள்ளியும் ஆலயமும் மட்டும் போதா என்பதை இவர்கள் கண்டுகொண்டனர். ஆகவே நில உரிமைக்காக எழுதினர், அரசிடம் முறையிட்டனர்.

1891இல் மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர், இம்மக்களின் நிலைபற்றி விரிவான குறிப்பொன்றை அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையே, பின்னர் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற ஒப்படைகளுக்கு வழிவகுத்தது. ஆண்ட்ரூ ஐயர் சிங்கப்பெருமாள்கோவிலுக்கு அருகில் மெல்ரோசாபுரம் என்னும் வேளாண் குடியிருப்பை ஏற்படுத்தினார்.

எனினும் ஆணை பிறந்ததனால் மட்டும் நீதி நிலைபெற்றுவிடவில்லை. ஒப்படைத்த நிலத்தைப் பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டும், மிகுதியான நிலம் பிறர் கைக்குச் சென்றது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் எழுந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். நூறாண்டுகளுக்குமுன் கேட்ட வழக்கே மீண்டும் கேட்டது. ஆனால் இம்முறை அதை எழுப்பியவர்கள் அம்மக்களே.

ஏசாயா 58ஆம் அதிகாரத்தில், நுகத்தடியின் பிணையல்களை அவிழ்த்த பின்னரே விடியற்கால வெளிச்சம் எழும்புகிறது. இவ்வரிசையை நாம் மாற்றலாகாது. கிராமச் சபைகளுக்குச் செல்லவிருக்கும் இறையியல் மாணவர் கிரேக்கமும் எபிரெயமும் கற்பதுபோலவே, பட்டாவையும் அடங்கலையும் வாசிக்கக் கற்பாராக. நம் திருச்சபைகளும் தங்கள் வசமுள்ள நிலங்கள் யாருக்குப் பயன்படுகின்றன என்று தம்மைத்தாமே சோதித்தறியட்டும். ஒளியைப்பற்றிய நம் சாட்சி அங்கேதான் மெய்ப்பிக்கப்படும்.