வாலியின் வழக்கும் புதுவையின் மேல்முறையீடும்

காப்பியத் தலைவன் ஒருவனின் ஒரேயொரு செயலை எடுத்துக்கொண்டு, அதை நேற்று நடந்த குற்றம் போலவே கருதி, அவன்மேல் வழக்குத் தொடுத்து, பாடல்களையே சாட்சிகளாக நிறுத்தி, குறுக்கு விசாரணை நடத்தி, நடுவரிடம் தீர்ப்பும் பெறுகிற வழக்கம் தமிழ்நாட்டில் கம்பன் விழாக்களின் வழியாக வளர்ந்தது. அந்த வழக்கத்தை இன்றளவும் விடாமல் போற்றிவரும் ஊர்களில் புதுச்சேரி முதன்மையானது. புதுவைக் கம்பன் கழகம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மே மாதத்தில் மூன்று நாள் விழா எடுத்துவருகிறது. கம்பன் கலையரங்கம் நிறைந்திருக்க, கவியரங்கம், எழிலுரை, வழக்காடு மன்றம், பட்டிமண்டபம் என்று அவ்விழா விரிகிறது. பட்டிமண்டபத்தில் நடுவர் அளித்த தீர்ப்பை எதிர்த்து வேறு நடுவர்கள் முன்னிலையில் மேல்முறையீடு செய்யும் அரங்கையும் அவ்விழா தன் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொண்டது. திரைப்பட வீரநாயகன் ஒருவன் ஒரு காட்சியில் ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று இன்றைய இளைஞர்கள் இரவு முழுவதும் வாதாடுவதற்கும், இராமன் ஏன் மறைந்து நின்று அம்பு எய்தான் என்று புதுவை மேடையில் வாதாடுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. ஒரு நாயகன்மேல் கொண்ட பற்றுத்தான் அவனைக் கூண்டில் ஏற்றவும் வைக்கிறது.

பட்டிமண்டபம் என்பது அறிஞர்கள் கூடி வாதிடும் பொதுமன்றம். அது மிகப் பழைய அமைப்பு என்பதற்கு இலக்கியச் சான்றுகள் உண்டு. சிலப்பதிகாரம் சோழ மன்னனுக்கு மகத வேந்தன் கொடுத்த பட்டிமண்டபம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. மணிமேகலையில் பல சமயத்து வாதிகளும் ஏறி வாதிடும் இடமாக அது வருகிறது. கம்பனும் அயோத்தி நகரின் சிறப்பைச் சொல்லும்போது கலைகளை ஆராயும் பட்டிமண்டபத்தை மறக்காமல் சேர்க்கிறான். ஆயினும் இன்று நாம் அறிந்த வடிவத்தில், அதாவது தலைப்பு ஒன்றைக் கொடுத்து, அணி பிரித்து, நடுவர் ஒருவரை அமர்த்தி, பொதுமக்கள் முன்னிலையில் நடத்தும் வடிவத்தில், அதற்குப் புத்துயிர் கொடுத்தவை கம்பன் விழா மேடைகளே. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் விழாவைத் தொடங்கினார். ‘கம்பன் அடிப்பொடி’ என்று தமிழுலகம் அவரை அழைத்தது. அந்த விழா பல ஊர்களுக்கும் முன்மாதிரியாயிற்று. பின்னர் குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்து பட்டிமண்டபத்தை ஊர்தோறும் கொண்டுசென்றனர். கடல் கடந்து இலங்கையிலும் 1980இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய கம்பன் கழகம் இதே மரபைத் தனக்குரிய முறையில் வளர்த்தது.

வழக்காடு மன்றம் பட்டிமண்டபத்தினும் கூர்மையான வடிவம். அதில் அணிகள் இல்லை. வழக்குத் தொடுப்பவர் ஒருவர், அதை மறுப்பவர் ஒருவர், நடுவர் ஒருவர் என மூவரே மேடையில் இருப்பர். குற்றச்சாட்டு ஒரே வாக்கியத்தில் படிக்கப்படும். கைகேயி, வீடணன், கும்பகருணன் என்று பலர் கூண்டில் ஏற்றப்பட்டிருக்கிறார்கள் என்றாலும், வாலியின் வழக்குக்கு நிகராக அவையை ஈர்த்த வழக்கு வேறில்லை. அதற்குக் காரணம் வழக்குரைஞர்களின் திறமை மட்டுமன்று. கிட்கிந்தா காண்டத்தின் வாலி வதைப் படலத்தையே கம்பன் ஒரு நீதிமன்றமாக அமைத்துவிட்டான் என்பதே முதற்காரணம்.

அந்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். அண்ணனும் தம்பியும் மற்போரில் பிணைந்திருக்கையில், யார் வாலி, யார் சுக்கிரீவன் என்று இராமனுக்குத் தெரியவில்லை; ஆகவே சுக்கிரீவன் மலர்க்கொடி அணிந்து மீண்டும் போருக்குப் போகிறான். இம்முறை மறைவிலிருந்து அம்பு வருகிறது. கனிந்த வாழைப்பழத்தில் ஊசி நுழைவதுபோல் அது வாலியின் மார்பில் நுழைந்தது என்கிறான் கம்பன். ஆனால் அது மறுபுறம் போய்விடவில்லை. வாலி தன் கைகளாலும் வாலாலும் கால்களாலும் அதைப் பற்றி நிறுத்தி, வெளியே இழுத்து, அதில் பொறித்திருந்த பெயரைப் படிக்கிறான். குற்றம் சாட்டுபவனே தன் உடலிலிருந்து சான்றுப்பொருளை எடுத்து, அதில் எதிராளியின் பெயரைக் கண்டு, அதன் பிறகே வாதத்தைத் தொடங்குகிறான். உலக இலக்கியத்தில் இதைவிட முறையாகத் தொடுக்கப்பட்ட வழக்கு அரிது.

வாதம் மூன்று படிகளாகச் செல்கிறது. தம்பியின் மனைவியைக் கவர்ந்தது குற்றம் என்று இராமன் கூற, விலங்குக் குலத்துக்கு மனிதரின் மண அறம் பொருந்தாது என்று வாலி மறுக்கிறான். நன்மை தீமை அறியும் அறிவு உனக்கு இருக்கும்போது விலங்கு என்று சொல்லித் தப்ப முடியாது என்று இராமன் பதில் தருகிறான். கழுகரசன் சடாயுவை எடுத்துக்காட்டாகச் சொல்கிறான். அது அப்படியே ஆகட்டும், நேரில் வராமல் வேடன் போல் ஒளிந்து நின்று எய்தது ஏன் என்பதே வாலியின் கடைசிக் கேள்வி. இந்த இடத்தில் இராமன் வாய் திறப்பதில்லை. விடை சொல்பவன் இலக்குவன்: உன் தம்பி முன்பே வந்து அடைக்கலம் புகுந்தான், அவனுக்காக உன்னைக் கொல்வதாக வாக்குத் தந்தாயிற்று, நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய் என்பதால் மறைந்து நிற்க நேர்ந்தது என்பது அவன் வாதம். வான்மீகியின் நூலில் இராமனே எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறான். இறுதி விடையைத் தம்பியின் வாயில் வைத்தது கம்பன் செய்த மாற்றம். இத்தனை ஆண்டு வழக்காடலுக்கும் ஊற்றுக்கண் அந்த மாற்றமே. நாயகனின் மௌனம் குற்ற ஒப்புதலா, விடை தெளிவாக இருந்ததால் வந்த அமைதியா என்ற கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்டுவருகிறது.

மேடையில் இதன் நுட்பங்கள் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு ஒன்றைச் சொல்லலாம். எதிரில் நின்று போரிடுவோரின் வலிமையில் பாதி வாலிக்கு வந்துவிடும் என்ற வரத்தை அனுமன் வாய்மொழியாகக் கம்பன் சொல்கிறான். ஆகவே நேரில் நிற்பது அந்த வரத்தைப் பொய்யாக்கும் அல்லது தன் வலிமையை இழக்கச் செய்யும், இரண்டையும் தவிர்க்கவே மறைவு என்று மறுப்பவர் வாதிடுவார். வழக்குத் தொடுப்பவர் அதை ஏற்கமாட்டார்: ஏழு மராமரங்களை ஒரே அம்பால் துளைத்தவன் யார், துந்துபியின் உடலெலும்பைக் கால் விரலால் உந்தி எறிந்த இலக்குவன் யாருடைய தம்பி, அத்தகைய ஆற்றல் உள்ளவன் பாதி வலிமையை விட்டுக்கொடுத்தாலும் வெல்ல மாட்டானா என்று அவர் கேட்பார். ஆட்டத்தின் விதி எழுதப்படாதது என்றாலும் கண்டிப்பானது. கம்பனின் பாடலிலிருந்தே சான்று வரவேண்டும், அதைப் பார்க்காமல் சொல்லவேண்டும், சொந்தக் கருத்துக்குச் சான்று என்ற மதிப்பு கிடையாது. அவையில் இருப்போர் பலரும் அப்பாடலை அறிந்தவர்கள் என்பதால் ஒரு சீர் பிறழ்ந்தாலும் முணுமுணுப்பு எழும்.

ஏட்டில் உள்ள கதையை மெய்ந்நிகழ்வாகக் கொண்டு ஆராயும் இத்தகைய விளையாட்டு வேறு நாடுகளிலும் உண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை மறைநூல் ஆராய்ச்சி முறையில் அலசி 1911இல் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் ஒரு கட்டுரை படித்தார். 1934இல் அமெரிக்காவில் அதற்கென ஒரு சங்கமே தோன்றியது. அங்கே முரண்பாடுகளைச் சரிசெய்வதே நோக்கம். தமிழ் மேடையிலோ கேள்வி அறத்தைப் பற்றியது. இந்த வேறுபாடு பெரிது.

புதுச்சேரிக்கும் கம்பனுக்கும் உள்ள உறவு கம்பன் கழகத்தோடு தொடங்கவில்லை. லண்டனில் சட்டம் பயின்று, விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் வழக்குரைஞர் பட்டம் பெறாமலே திரும்பிய வ.வே.சு. ஐயர், 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். பாரதியும் அரவிந்தரும் அன்று இங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். ஐயர் பின்னாளில் பெல்லாரிச் சிறையில் ஆங்கிலத்தில் எழுதிய கம்பராமாயண ஆய்வு நூல், ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு கம்பனை ஒப்பிட்டுச் சீர்தூக்கிப் பார்க்கும் முதற்பெரும் முயற்சி. அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே, 1950இல், டெல்லித் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. சட்டம் பயின்ற மூளை காப்பியத்தை அணுகினால் என்ன நேரும் என்பதற்கு ஐயரே சான்று; பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் கம்பன் ஆய்வில் தம் வாழ்வைக் கரைத்ததும் அதே வரிசையில் வருவது. பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் இருந்த புதுச்சேரியின் நீதி நிர்வாகம் 1962 நவம்பரில் அந்த உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வந்தது.

இதே ஊரில் பிறந்த பாரதிதாசன் எதிர்த்திசையில் நடந்தார். 1934இல் மேடையேறிய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ என்ற நாடகத்தில், புராணம் கொடியவன் என்று காட்டிய இரணியனை அவர் நாயகனாக்கினார். திராவிட இயக்கம் கம்பராமாயணத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 1943இல் அண்ணாதுரை, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய சொற்போர்களில், இந்நூலைக் கொளுத்தலாமா என்பதே கேள்வி. ‘நீதிதேவன் மயக்கம்’ என்ற நாடகத்தில் அவர் இராவணன் வழக்கை மறுவிசாரணைக்குக் கொண்டுவந்து, இரக்கமற்றவன் என்ற குற்றச்சாட்டைக் கம்பன் முன்னிலையிலேயே இராவணன் மறுப்பதாக அமைத்தார். கம்பனைப் போற்றியோரும் எதிர்த்தோரும் இறுதியில் ஒரே வடிவத்தை, நீதிமன்ற வடிவத்தையே கைக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அ.ச. ஞானசம்பந்தன் 1945இல் வெளியிட்ட ‘இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்’ என்ற நூலும் இந்தச் சூழலில் பிறந்ததே. கம்பன் அன்பர் ஒருவரே எதிர்த்தலைவனின் பெருமையை முழுதாக எழுத வேண்டிய நிலையை எதிர்வாதம் உண்டாக்கியது.

இந்த வரலாற்றின் பின்னணியில் பார்த்தால் புதுவையின் மேல்முறையீட்டு அரங்குக்குத் தனி மதிப்பு உண்டு. பெரும்பாலான ஊர்களில் நடுவர் தீர்ப்புச் சொன்னதும் அவை எழுந்துவிடும். தீர்ப்பை ஏற்காதவர் வீட்டுக்குப் போய்ப் புலம்பலாம். இங்கே தீர்ப்பும் வாதத்துக்கு உட்பட்டது. நடுவர் எந்தப் பாடலைக் கணக்கில் கொள்ளவில்லை, எங்கே ஊகத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டார் என்பதெல்லாம் எடுத்துரைக்கப்படும். தொலைக்காட்சிப் பட்டிமன்றங்கள் கணவனா மனைவியா என்ற தலைப்புகளில் சிரிப்பை மட்டும் தேடிப் போய்விட்ட காலத்தில், ஒரு பாடலின் ஒரு சொல்லுக்காகப் பெரியவர்கள் மேடையேறி முழு மனத்தோடு மல்லுக்கட்டுவது காக்கப்பட வேண்டிய மரபு.

வாலி வழக்கில் இலக்குவனின் விடை போதுமானதன்று என்பதே பாடலை முழுதாகப் படிப்போர்க்குத் தோன்றும். அடைக்கலம் கேட்கக்கூடியவன் என்ற காரணத்துக்காகவே ஒருவனைக் கேட்கவிடாமல் கொல்வது அறமாகாது. ஆனால் அந்த விடைக்குப் பிறகு வாலி பகையை விட்டுவிடுகிறான். தம்பி மதுவுண்டு தவறிழைத்தால் அவன்மேல் இந்த அம்பை ஏவிவிடாதே என்றும், அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் அவனை இகழாமல் பார்த்துக்கொள் என்றும் வேண்டி, மகன் அங்கதனை இராமனிடமே ஒப்படைக்கிறான். இறுதியில் அறத்தில் உயர்ந்து நிற்பவன் வாலி. இதை மறுப்பவர்கள் வாலி வதைப் படலத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, அடுத்த மே மாதம் கம்பன் கலையரங்கத்துக்கு வந்து தங்கள் மறுப்பைச் சொல்லட்டும்.