எஸ்டேட் என்றொரு சொல்

ஆங்கிலம் அறியாதவர் வாயிலும் சரளமாகப் புழங்கும் ஒரு சொல்லை இன்று எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் பள்ளிக்கூடம், எஸ்டேட் கடை, எஸ்டேட் கோயில் என்கிறோம். நமக்கு எஸ்டேட் என்றால் தோட்டம். ஆனால் ரப்பர் மரம் நம் நாட்டுக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்த சொல் அது.

அதன் வேர் லத்தீன் மொழியின் 'ஸ்டேட்டஸ்'. நிற்கும் நிலை என்று பொருள். சமூகத்தில் ஒருவர் நிற்கும் படியையும் அது குறித்தது. பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மற்ற எல்லாரும் மூன்றாவது. 1789-இல் புரட்சி தொடங்கியது இந்த மூன்றாவது எஸ்டேட்டின் எழுச்சியால்தான்.

மண்ணோடு இச்சொல் ஒட்டிக்கொண்டது இங்கிலாந்துச் சட்டத்தில். அங்கே நிலம் முழுவதும் மன்னருக்கே உரியது என்று கொண்டார்கள். அதை எவ்வளவு காலம், எவ்வகையில் வைத்திருக்கலாம் என்னும் உரிமைதான் மற்றவர்க்கு. அந்த உரிமைக்குப் பெயர் எஸ்டேட். ஆயுளோடு முடிகிற எஸ்டேட் உண்டு. பிள்ளை, பேரன் என்று வழிவழியாக இறங்குவதும் உண்டு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தும் எஸ்டேட்தான். பிறகு பெரிய பண்ணைக்கே அப்பெயர் வந்தது. பின்பக்கம் சாமான் ஏற்றும் நீளமான காரைக்கூட ஆங்கிலேயர் எஸ்டேட் கார் என்பார்கள்!

மலாயாவில் கரும்பு, காப்பி, ரப்பர் என்று எஸ்டேட்டுகள் பெருகின. நம் முன்னோர் அங்கேயே பிறந்து, மரம் வெட்டி, அங்கேயே மறைந்தார்கள். ஆயினும் சட்டம் சொல்லும் எஸ்டேட் அவர்களிடம் இருக்கவில்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950-களிலும் 1960-களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். 'துண்டாடல்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்கள் முகம் வாடும். கையெழுத்துப் போட்டவர் யாரோ. சட்டி பானையோடு வெளியேறியது நம் குடும்பங்கள்.

அந்த நெருக்கடியில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்குவது நோக்கம். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் 1961-இல் சங்கத்தின் கைக்கு வந்தது. பால் வெட்டுகிறவரே பங்குதாரரும் ஆனார். எல்லாத் தோட்டங்களையும் இப்படிக் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மையே.

பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் இச்சொல் நம்மை விடவில்லை. வீடமைப்புப் பகுதியை ஆங்கிலத்தில் ஹவுசிங் எஸ்டேட் என்பார்கள். சிங்கப்பூரில் நாம் பேட்டை என்கிறோம். மலேசியாவில் அது தாமான். அந்த மலாய்ச் சொல்லுக்குப் பூந்தோட்டம் என்று பொருள் இருப்பது வேடிக்கைதான். அங்கே வீடு வாங்கும்போது நிலப் பத்திரத்தை விரித்துப் பாருங்கள். நிலையான உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.