நுரையின் வம்சாவளி: ஆங்கில ஏலும் உலர் ஈஸ்ட்டும்

இங்கிலாந்தில் வீட்டிலேயே ஏல் என்னும் பீர் வகையைக் காய்ச்சுவோர் பலரும் தொடங்கும் இடம் ஒரு சிறு பொட்டலம். ஏறத்தாழ 11 கிராம் எடை. 20 லிட்டர் பார்லிச் சாற்றை நொதிக்கவைக்க அது போதும். நாட்டிங்ஹாம், விண்ட்ஸர், எஸ்-04 என்று பல பெயர்களில் கிடைக்கும் இந்த உலர் ஈஸ்ட்களில் எதைத் தேர்வது என்பது சமையற்கட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்கு விடை காண முற்படும்போது, நாம் ஐந்நூறு ஆண்டு வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாறு தானாகப் பீராவதில்லை. அதை மதுவாக்குவது எது என்பதை மனிதர் நெடுங்காலம் அறியவில்லை. 1516இல் பவேரியாவில் பிறந்த புகழ்பெற்ற பீர்ச் சட்டம் நீர், பார்லி, ஹாப்ஸ் என மூன்றை மட்டுமே குறிப்பிடுகிறது. ஈஸ்ட் அதில் இல்லை. ஆங்கிலேயர் அந்த நுரையைப் 'பார்ம்' என்றழைத்தனர். பித்துப் பிடித்தவனைக் குறிக்கும் 'பார்மி' என்ற சொல் அதிலிருந்து வந்ததே. 'கடவுள் நல்லவர்' எனப் பொருள்படும் பெயரும் அதற்கு உண்டு. காரணம் தெரியாத இடத்தில் நன்றி சொல்வது மனித இயல்பல்லவா?

அறியாமை இருந்தபோதிலும் செயல்முறை தெளிவாகவே இருந்தது. ஏல் ஈஸ்ட் நொதிக்கையில் மேலே எழும்பி நுரையாகத் திரளும். அதை வழித்தெடுத்து அடுத்த காய்ச்சலில் இடுவார்கள். நேற்றைய தயிரிலிருந்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போன்ற தொடர்ச்சி இது. யார்க்‌ஷயரில் கல்லால் ஆன இரண்டடுக்குத் தொட்டிகள். பர்ட்டனில் 1838இல் பீட்டர் வாக்கர் காப்புரிமை பெற்ற முறைப்படி, பீப்பாய்களிலிருந்து வளைகுழாய் வழியே நுரை மேல்தொட்டிக்கு ஏறும் ஏற்பாடு. எந்தக் கலனில் எந்த ஈஸ்ட் எளிதாக எழும்பியதோ அதுவே அடுத்த காய்ச்சலுக்குப் போயிற்று. மனிதன் கலனைத் தேர்ந்தான். கலன் ஈஸ்ட்டைத் தேர்ந்தது. அவ்வாறு ஒவ்வொரு ஆலையும் தனக்கென ஒரு ஈஸ்ட் பரம்பரையைப் பெற்றது.

1680இல் லேவன்ஹூக் பீரில் மிதந்த நுண்ணுருண்டைகளை உருப்பெருக்கி வழியே கண்டார். அவை உயிருள்ளவை என்பதை 1837ஐ ஒட்டி ஷ்வான் முதலிய மூவர் தனித்தனியே நிறுவினர். வேதியியல் அறிஞர்கள் லீபிக்கும் வோலரும் 1839இல் இக்கருத்தை எள்ளிப் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்: சர்க்கரையைக் குடித்து மதுவைக் கழிக்கும் குட்டி விலங்குகளாம்! கேலிக்காக எழுதிய அவ்வரி உண்மைக்கு எவ்வளவு அருகில் நின்றது என்பது வரலாற்றின் விளையாட்டு. 1871இல் பாஸ்டர் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்று, அங்கிருந்த ஈஸ்ட்டில் கேடு விளைக்கும் நுண்ணுயிர்கள் கலந்திருப்பதை நுண்ணோக்கியில் காட்டினார். அவர் மீண்டும் சென்றபோது ஆலையார் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தனர்.

அடுத்த அடி கோபன்ஹேகனில் விழுந்தது. 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டைப் பெருக்கினார். ஐரோப்பாவின் லாகர் ஆலைகள் அதனை விரைந்து ஏற்றன. ஆங்கில ஏல் ஆலைகள் பலவும் தயங்கின. அந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட இயலாது. 1904இல் அதே கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாசன், நெடுநாள் வைத்துப் பக்குவப்படுத்தும் ஆங்கில ஏலின் தனிச்சுவைக்கு வேறொரு ஈஸ்ட்டும் காரணம் என்று காட்டி, அதற்குப் 'பிரித்தானியப் பூஞ்சை' எனப் பொருள்படும் பிரெட்டனோமைசஸ் என்ற பெயரைச் சூட்டினார். தூய்மை நீக்கியது கேட்டை மட்டுமன்று, சுவையின் ஒரு பகுதியையும் என்பது அப்போது விளங்கிற்று.

வீட்டுக் காய்ச்சலின் கதை தனி. 1880இன் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். 1963இல் நிதியமைச்சர் மாட்லிங் அதை நீக்கினார். விற்காதவரை எவரும் காய்ச்சலாம் என்றானது. ஆலையின் நுரை வீட்டாருக்கு எளிதில் கிட்டாது. கிட்டினாலும் சில நாளில் கெடும். உலர் ஈஸ்ட் அவ்விடத்தை நிரப்பியது. காற்றூட்டி வளர்த்து, பிழிந்து, ஈரம் நூற்றுக்கு ஏழுக்கும் கீழே வரும்வரை காயவைத்தால் அது உறங்கிக் கிடக்கும். எனினும் எல்லா ஈஸ்ட்டும் அந்த உலர்த்தலைத் தாங்குவதில்லை. ஆகவே பொட்டலத்தில் இருப்பவை சுவையால் மட்டும் தேர்வானவை அல்ல. பிழைத்திருக்கும் ஆற்றலாலும் தேர்வானவை.

இனித் தேர்வுக்கு வருவோம். நாட்டிங்ஹாம் சர்க்கரையை ஏறக்குறைய முழுதும் தின்று தீர்க்கும். நன்றாக அடியில் படியும். தன் மணத்தை அடக்கிக்கொள்ளும். விண்ட்ஸர் பழமணம் மிக்கது. மால்ட்டோட்ரையோஸ் எனும் சர்க்கரையை அது உண்ணாததால் ஏலில் உடலும் இனிப்பும் எஞ்சும். ஆனால் தெளியத் தாமதமாகும். எஸ்-04 விரைந்து நொதித்து, அடியில் இறுகப் படிந்துவிடும். புட்டியில் அடைப்போருக்கு அது வசதி. மூன்றையும் 18 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைப்பது நலம். தெளிந்த கசப்பு ஏலுக்கு முதலாவது. மென்மையான மைல்டுக்கு இரண்டாவது. இடைப்பட்டதற்கு மூன்றாவது என்பது நம் பரிந்துரை.

நாட்டிங்ஹாமையும் விண்ட்ஸரையும் ஒரே கலனில் சேர்த்து இடுவோரும் உண்டு. ஒன்று மணம் தரும், மற்றொன்று முடித்துவைக்கும். ஆலைகள் ஹான்சனின் ஒற்றைச் செல்லை ஏற்கத் தயங்கியபோது காக்க முயன்ற கூட்டு வாழ்க்கையின் எளிய நிழல் இது எனலாம். நிழல்தான், இரண்டு தூய ஈஸ்ட்களைச் சேர்த்தால் நூறாண்டு பழகிய கூட்டம் ஆகிவிடாது.

அக்கூட்டங்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நாரிச் நகரில் உள்ள தேசிய ஈஸ்ட் சேகரிப்பகம் ஆலைகளின் ஈஸ்ட்களை உறைநிலையில் காத்துவருகிறது. எனினும் 2024இல் மார்ஸ்டன்ஸ் ஆலை தன் பர்ட்டன் பீப்பாய்த் தொகுதிகளை நிறுத்தியபோது, அவற்றில் ஒன்றைத் தார்ன்பிரிட்ஜ் ஆலை எடுத்துச் சென்று மறுபடி இயக்கியது ஏன்? உயிரைக் குளிரில் காப்பதும் அதைப் பழக்கிய கலனைக் காப்பதும் ஒன்றல்ல. பொட்டலத்தைப் பிரிப்பவர் இந்த வேறுபாட்டை உணர்ந்து பிரித்தால் போதும். அவர் தேர்வு பெரும்பாலும் பிழையாகாது.