கசிந்த தகரங்கள்

பயண வரலாறுகளை எழுதியோர் எரிபொருளைப் பெரும்பாலும் அளவாகவே பேசியிருக்கின்றனர். இத்தனை காலன், இத்தனை நாட்களுக்கு என்று கணக்கு முடிந்துவிடும். அந்த எண்ணெய் எதில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது, அதன் வாய் எதனால் அடைக்கப்பட்டிருந்தது என்ற வினா அருகியே எழுகிறது. ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று கூடாரமடித்துத் தங்குவோருக்கோ இந்த இரண்டாம் வினாவே உயிர் வினா. இன்று ஜெனரேட்டருடன் காட்டுக்கோ கடற்கரைக்கோ செல்வோர் வண்டியின் பின்புறம் கட்டிச் செல்லும் உபரி எரிபொருள் கேனுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கசிவின் வரலாறு இருக்கிறது.

அதை அண்டார்க்டிகாவிலிருந்து தொடங்கலாம். ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்தனர். நார்வேக்காரரான அமுன்சென் ஒரு மாதத்துக்கு முன்பே அங்கு வந்து சென்றிருந்தார். திரும்பும் வழியில் ஐவரும் மடிந்த கதையைத் தமிழிலும் பலர் எழுதிவிட்டனர். பனிப்புயல், பசி, ஓட்ஸ் கூடாரத்தை விட்டு வெளியேறிய காட்சி எல்லாம் நாம் அறிந்தவையே. இக்கதையில் அதிகம் பேசப்படாத பாத்திரம் ஒரு காலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரம்.

பனிப்பாலைவனத்தில் எரிபொருள் என்பது வெறும் கதகதப்பன்று. சுற்றிலும் உறைந்த நீர். குடிப்பதற்கோ ஒரு துளி இல்லை. பிரைமஸ் அடுப்பு எரிந்தால்தான் பனி உருகும். பனி உருகினால்தான் தாகம் தீரும், உணவு வேகும். எண்ணெய் தீர்ந்தவன் பனியின் நடுவில் தாகத்தால் வாடுவான். ஆகவே திரும்பும் பாதையில் இடைக்கிடை சேமக்கிடங்குகள் அமைத்து, உணவோடு மண்ணெண்ணெயும் வைத்துவிட்டுப் போயிருந்தனர். 1912 பிப்ரவரி 24 அன்று ஒரு கிடங்கை அடைந்தபோது எண்ணெய் குறைந்திருந்ததை ஸ்காட் தம் நாட்குறிப்பில் பதிகிறார். மார்ச் 2 அன்று அடுத்த கிடங்கிலும் அதே குறை. எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டாலும் 71 மைல் தொலைவிலுள்ள மறு கிடங்கு வரை அது தாங்குவது அரிது என்று கணக்கிடுகிறார். மார்ச் 29 அன்று அவர் கடைசியாக எழுதியபோது, பெருங்கிடங்கு ஒன்று வெறும் 11 மைல் தொலைவில் இருந்தது.

எண்ணெயை யாரும் திருடவில்லை; முன்னே திரும்பிய குழுக்கள் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளவுமில்லை. தகரங்களின் திருகுமூடிக்கு அடியில் தோலால் ஆன வளையங்கள் இருந்தன. கடுங்குளிரில் தோல் விறைத்துச் சுருங்கியது. எடுப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று தகரங்களைக் கிடங்கின் உச்சியில் வைத்திருந்தனர். இரவே இல்லாத கோடை வெயில் அவற்றின் மேல் விழ, எண்ணெய் ஆவியாகி மூடியின் இடுக்கு வழியே வெளியேறியது. உடைந்த தகரமாயிருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இங்கே தகரம் முழுமையாகவே இருந்தது. உள்ளேதான் எண்ணெய் இல்லை.

இதற்கொரு சான்றை அப்பயணத்தில் பங்குகொண்ட ஆப்ஸ்லி செர்ரி-காரார்ட் தருகிறார். முகாமிட்டிருந்த கேப் எவன்ஸில், 1911 செப்டம்பரில் ஒரு மரப்பெட்டி பனியில் புதைந்து போயிற்று. அதற்குள் எட்டு எண்ணெய்த் தகரங்கள். பதினைந்து மாதம் கழித்துத் தோண்டி எடுத்தபோது மூன்று நிறைந்திருந்தன, மூன்று வெறுமையாயிருந்தன, ஒன்றில் மூன்றில் ஒரு பங்கும் மற்றொன்றில் மூன்றில் இரண்டு பங்கும் மிஞ்சியிருந்தன. ஒரே பெட்டி, ஒரே குளிர், ஒரே காலம்; ஒவ்வொரு மூடிக்கும் ஒவ்வொரு விதி. துருவப் பயணத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட இந்த எட்டுத் தகரங்களின் கணக்கு எனக்கு அதிகம் உணர்த்துகிறது.

இது முன்னரே அறியப்படாத குறையுமன்று. 1901 முதல் 1904 வரை நிகழ்ந்த தம் முதற்பயணத்தைப் பற்றி ஸ்காட் 1905இல் வெளியிட்ட நூலிலேயே, தகரங்களின் தக்கை அடைப்பான் பலவீனமானதென்றும், மண்ணெண்ணெய் ஊர்ந்து வெளியேறும் இயல்புடையதென்றும் குறித்திருக்கிறார். தக்கை போய்த் தோல் வளையம் வந்ததே அடுத்த பயணத்தின் திருத்தம். அமுன்சென்னோ தகரங்களின் வாயைப் பற்றாசு வைத்தே அடைத்துவிட்டார். 'பற்றாசு' என்பது உலோகத்தோடு உலோகத்தைப் பொருத்தும் பொடி. நம் யாப்பிலக்கணக்காரர்கள் இச்சொல்லைப் பொற்கொல்லரிடமிருந்து கடன் வாங்கித்தான், முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாதபோது இடையே ஓரிரு அசை சேர்ப்பதை 'ஆசிடையிட்ட வெண்பா' என்றனர். வெண்பாவில் ஆசு இல்லாவிட்டால் ஓசைதான் கெடும். அமுன்சென் 1912 ஜனவரியில் திரும்பும் வழியில் பெட்டி மலையடியில் ஒரு கற்குவியலை எழுப்பி, 17 லிட்டர் மண்ணெண்ணெயும் தீப்பெட்டிகளும் ஒரு குறிப்பும் வைத்துவிட்டுச் சென்றார். 1929இல் லாரன்ஸ் கூல்டு தலைமையில் அங்கே வந்த அமெரிக்கப் புவியியல் குழு அக்குவியலைக் கண்டெடுத்தது.

அடுத்த பாடம் இதற்கு நேரெதிரான நிலத்தில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரில் அங்கே பிரிட்டிஷ் படைகள் பெட்ரோலைச் சுமந்தது நான்கு காலன், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் சதுரத் தகரங்களில். நம் பாட்டிமார் தண்ணீர் சுமந்த மண்ணெண்ணெய் டின்னை நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தால் போதும். அதே அளவு, அதே வடிவம். கப்பலில் வந்து, எண்ணெய் தீர்ந்தபின் குடமாகவும் கூரையாகவும் வாழ்வதற்குச் சரியான பொருள்தான். லாரியில் அடுக்கிப் பாறைத் தரையில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டுவதற்கு ஏற்றதன்று. படைவீரர்களே அதற்கு 'ஃப்ளிம்ஸி', அதாவது 'நொய்ந்தது' என்று பெயர் வைத்துவிட்டனர். மேலடுக்கின் பாரத்தில் கீழடுக்குத் தகரங்கள் நசுங்கின. ஓரத்து மடிப்புகள் பிரிந்தன. கசிந்த பெட்ரோலின் ஆவி கப்பல் அறைகளிலும் லாரித் தளங்களிலும் தீப்பொறிக்காகக் காத்துக் கிடந்தது. துறைமுகக் கிடங்கிலிருந்து வண்டியின் கலத்தை எட்டுவதற்குள், மிகக் குறைத்து மதித்தாலும் 30 விழுக்காடு வீணாயிற்று என்பது படைத்தலைவர் ஆக்கின்லெக்கின் அறிக்கை. மதராஸ் சாப்பர்கள் இடம்பெற்றிருந்த நான்காவது இந்தியப் படைப்பிரிவும் இதே பாலையில்தான் போரிட்டது. வெற்றுத் தகரத்தை வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தித் தேநீர் காய்ச்சுவது அங்கே நாள்தோறும் நடந்தது. 'பெங்காசி அடுப்பு' என்பது அதன் பெயர். அத்தகரம் அடுப்பாகவே சிறந்து விளங்கியது என்றால் மிகையன்று.

எதிரியிடம் வேறொரு கலம் இருந்தது. ஷ்வெல்ம் என்னும் ஜெர்மானிய ஊரிலுள்ள மியுல்லர் நிறுவனத்தில், வின்சென்ட்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற பொறியாளர் 1937இல் வடிவமைத்த 20 லிட்டர் கேன் அது. போர்வெறி கொண்ட ஓர் அரசுக்காக உருவான பொருள் என்பதை மறக்க வேண்டியதில்லை. அந்தக் கலத்தில் இருந்த அறிவையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டே எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி வெல்டிங் செய்தனர்; ஒட்டுவாய் அடிபடாதவாறு உள்ளடங்கியிருந்தது. பக்கங்களில் நாம் இன்றும் காணும் குறுக்குப் பள்ளங்கள் அழகுக்கானவை அல்ல. வெயிலில் எரிபொருள் விரியும்போது தகடு சற்றுப் புடைத்துக் கொடுக்கவும், மற்ற நேரத்தில் விறைப்பாக நிற்கவும் அவை உதவின. கைப்பிடியின் கீழே எரிபொருள் புகாத காற்றறை ஒன்று. அதனால் நிறைந்த கேனும் நீரில் மிதந்தது. வாயில் திருகு இல்லை. நெம்புகோலால் அழுத்தி இறுகும் மூடி, கேனோடு பிணைந்தே இருந்தது. தொலைந்து போகாது, திறக்கக் கருவியும் வேண்டாம். காற்று உட்புக ஒரு சிறு குழாய் இருந்ததால் ஊற்றும்போது குபுக்குபுக்கென்று சிதறவில்லை. கைப்பிடிகள் மூன்று. நிறைந்த கேனை நடுப்பிடியில் ஒருவர் தூக்கலாம், ஓரப்பிடிகளில் இருவர் பகிரலாம். வெற்றுக் கேன்களாயின் ஒரே ஆள் கைக்கு இரண்டாக நான்கைச் சுமக்கலாம். பிரிட்டிஷார் கைப்பற்றிய இக்கேன்களைப் பொன்போல் போற்றினர். ஜெர்மானியரை 'ஜெரி' என்று அழைத்த வழக்கால் அது 'ஜெரிகேன்' ஆயிற்று.

இக்கேன் அமெரிக்காவை எட்டிய கதையில் இந்தியாவும் வருகிறது. பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939இல் ஒரு ஜெர்மானிய நண்பருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் புறப்பட்டார். அவசரத்துக்குத் தண்ணீர் சுமக்கக் கலம் இல்லையென்று உணர்ந்த நண்பர், டெம்பல்ஹோஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து மூன்று கேன்களை எடுத்துவந்து காரின் அடியில் பொருத்தினாராம். பாதி வழியில் நண்பரை ஜெர்மனி திரும்ப அழைத்துக்கொள்ள, ப்ளைஸ் தனியே கல்கத்தா வந்து சேர்ந்தார். பின்னர் அந்தக் கார் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி நியூயார்க் சென்றது, கேன்களும் சென்றன. அமெரிக்க இராணுவம் முதலில் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு கேனைப் பார்த்துத் தனக்கென ஒன்றைச் செய்தது. உருவம், அளவு, கைப்பிடி எல்லாம் அப்படியே; மூடியை மட்டும் மாற்றிவிட்டது. நெம்புகோலுக்குப் பதில் திருகுமூடி. திறக்க ஸ்பேனர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும். ஒட்டுவாயும் வெல்டிங்கிலிருந்து மடிப்புக்குத் திரும்பியது. பாலையில் கசிந்தது எதுவோ அதையே மீண்டும் கொண்டுவந்தனர். நகலெடுப்போர் கண்ணுக்கு உடல்தான் தெரியும், வாய் தெரியாது போலும். பிரிட்டனோ ஜெர்மானிய வடிவத்தையே மாற்றமின்றிப் பின்பற்றியது. போர் முடிந்த 1945 மே மாதத்தில் ஐரோப்பா எங்கும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கேன்கள் சிதறிக் கிடந்தன.

போருக்குப் பின் உபரிப்பொருளாக விற்கப்பட்ட இவையே கூடாரப் பயணிகளின் கைக்கு வந்தன. இன்று ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் சுமப்போருக்குச் சொல்லப்படும் விதிகளில் பலவும் இவ்வரலாறு கற்றுத் தந்தவையே. கேனைக் கழுத்து வரை நிரப்பக் கூடாது. வெப்பம் 30 பாகை உயர்ந்தால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ அரை லிட்டர் விரிகிறது. அதற்கு இடம் வேண்டும். பெட்ரோல் உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுவது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் கூடாரத்தின் தரையிலும் காரின் அடியிலும் தேங்கும். எனவே கேன் படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, மூடிய காருக்குள்ளும் கூடாது, நேர்வெயிலிலும் கூடாது. நிரப்பும்போது கேனைத் தரையில் இறக்கி வைக்கவேண்டும். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்து நிரப்பினால் சேரும் நிலைமின்சாரம் ஒரு பொறிக்குப் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் ஊற்றாமல், நிறுத்தி ஆறவிட்டு ஊற்றவேண்டும்.

நம் நாட்டின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தைப் பார்த்தேன். விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க அது இடந்தருகிறது. அளவோடு நில்லாமல் கலத்தையும் சொல்கிறது: கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மிகக் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டர், இரண்டுமே இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு மலையேறும் இளைஞர்களை என் வகுப்பிலேயே அறிவேன். அவர்கள் எத்தனை லிட்டர் என்று தெளிவாகச் சொல்வார்கள்.

கேனின் வாயில் இன்னொரு மாற்றமும் அண்மையில் நேர்ந்திருக்கிறது. ஊற்றும்போது வெளியே பற்றும் தீ, ஆவி வழியே உள்ளே பாய்ந்து கேனையே வெடிக்கச் செய்வதுண்டு. பெரும்பாலும் ஏறக்குறைய காலியான கேன்களில்தான் இது நிகழும். நிறைந்த கேனில் காற்றுக்கு இடமில்லை. இதைத் தடுக்கும் பொறியமைப்பு கேன்களில் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 2020 டிசம்பரில் சட்டம் செய்தது. அதற்கான எளிய வழிகளுள் ஒன்று, வாயினுள் பொருத்தும் சிறு உலோக வலை. தீயின் வெப்பத்தை வலை உறிஞ்சிக்கொள்வதால் அது மறுபக்கம் தாண்டுவதில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கான காப்பு விளக்கில் ஹம்ஃப்ரி டேவி 1815இல் சுற்றியதும் இத்தகைய வலையைத்தான்.